மூன்றாவது மேசையில் ஒரு வாய்

என் அண்ணி மேடையில் நின்று ஊரைச் சிரிக்க வைக்கிறவர். இதைக் கேட்டதும் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அப்ப உங்க வீட்ல ஒரே கலகலப்பா இருக்கும், இல்ல?" இருக்காது. வீட்டில் அண்ணி வாயைத் திறப்பதே அபூர்வம். சாப்பிட்டாயா என்று கேட்பார், விளக்கை அணைக்கவா என்று கேட்பார், அத்தோடு சரி. எங்கள் வீட்டில் ஓயாமல் பேசுகிறவன் என் அண்ணன். அவன் பேச்சில் சிரிக்க ஒன்றும் இருக்காது. கலகலப்பு வேண்டுமென்றால் டிக்கெட் வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுகிறேன்.

நான் அவருக்கு நாத்தனார். நாத்தனாரும் அண்ணியும் ஒரே பையில் துணியை அடுக்கிக்கொண்டு சனிக்கிழமை தோறும் ஊர் ஊராகப் போகிறோம் என்றால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஏதோ சொத்து விவகாரம் இருக்க வேண்டும் என்று சந்தேகப்படுகிறார்கள். அப்படி ஒன்றுமில்லை. வார நாட்களில் நான் ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். கதவைத் திறந்துகொண்டு வருகிறவரின் முகத்தைப் பார்த்தே இவர் கத்துவார், இவர் பொறுத்துக்கொள்வார், இவர் மருத்துவரைக் கடிப்பார் என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு திறமைக்காகத்தான் அண்ணி என்னைக் கூட்டிக்கொண்டு போகிறார். எனக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது, இன்றைக்கும் அவர் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார். கூட்டத்துக்கு நடுவிலும் அப்படித்தான் கூப்பிடுவார். சொல்லிப் பார்த்தேன், கேட்பதாக இல்லை.

அண்ணி பேசுவது நாடக அரங்கத்தில் இல்லை. இரவு விடுதிகளில், கிளப்புகளில். அங்கே வருகிறவர்கள் யாரும் நகைச்சுவை கேட்க வருவதில்லை. குடிக்க வருகிறார்கள், ஆட வருகிறார்கள். ஆடிக் களைத்தவர்கள் உட்கார்ந்து இன்னொரு கோப்பை வாங்கட்டும் என்று நடுவில் பாட்டை நிறுத்தி, ஓர் ஆளை ஏற்றிப் பேசவிடுகிறார்கள். சோப்புப் போட்டுக்கொண்டிருக்கும்போது குழாயில் தண்ணீர் நின்றுபோனவர்களைப் பார்த்திருப்பீர்கள். கூட்டம் அந்த முகத்தோடுதான் மேடையைப் பார்க்கும்.

அதில் கட்டாயம் ஒருவர் கத்துவார். அப்படிக் கத்துகிறவருக்கு எங்கள் தொழிலில் 'வாய்' என்று பெயர். நிகழ்ச்சிக்கு முன்னால் நான் ஒரு சோடாவைக் கையில் வைத்துக்கொண்டு மேசைகளுக்கு நடுவே நடந்துவிட்டு வருவேன். பிறகு கழிவறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கும் அண்ணியிடம் போய், "பார் பக்கத்துல ஒரு வாய். நடுவுல ரெண்டு, ஆனா அது சின்ன வாய்" என்று சொல்வேன். அண்ணி தலையை ஆட்டிக்கொள்வார். புதிதாகக் காதலியைக் கூட்டி வந்தவன் ஒரு தடவை கத்துவான், அவள் சிரித்துவிட்டால் ஒன்பது தடவை கத்துவான். அலுவலகத்துக் கும்பல் என்றால் அதில் மிகவும் அப்பாவியாக இருப்பவனைக் கிள்ளிவிட்டுக் கத்த வைப்பார்கள். எனக்கு எல்லாம் அத்துப்படி.

முழு நேரமும் மேடைக்கு வருவதற்கு முன்னால் அண்ணி பதினாறு வருடம் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் வேலை பார்த்தார். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, பழுதான இணைப்புகளுக்காக நாள் முழுக்கத் திட்டு வாங்குகிற வேலை. அதற்கு ஒரு குரல் உண்டு. அதைச் சொல்லிக்கொடுக்கவே மூன்று மாதம் பயிற்சி வைத்தார்களாம். உதடு சிரிக்க வேண்டும், சிரிப்புச் சத்தம் வரக் கூடாது. எதிராளி எவ்வளவு கத்தினாலும் ஒரு மூச்சு விட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும். 'நான்' என்று சொல்லக் கூடாது, 'நிறுவனம்' என்றுதான் சொல்ல வேண்டும். தப்பு என்ற சொல்லுக்கு அந்தக் கட்டடத்துக்குள் இடமே இல்லை. சிரமம் என்று ஒன்று உண்டு, அதற்கு நிறுவனம் வருந்தும். மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று வக்கீல்கள் சொல்லிவைத்திருந்ததால், 'மன்னிச்சிடுங்க' என்று வாய் தவறிச் சொன்ன பெண்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும்.

அலுவலகத்து ஆண்டு விழா ஒன்றில் அண்ணி மேடையேறி இரண்டு மூன்று புகார்களை நடித்துக் காட்டினார். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் நான்கு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாத மனுஷி, மைக்கைப் பிடித்ததும் வேறு ஆளாகிவிட்டார். ருசி கண்டபின் விடுவாரா. சின்னச் சின்ன கிளப்புகளில் வார இறுதியில் பேசத் தொடங்கினார்.

அப்போதுதான் நிலவறை கிளப் ஒன்றில் வாய்ப்பு வந்தது. ஏழு ஊர்களில் கிளப் வைத்திருக்கிற ஒரு முதலாளியின் இடம் அது. கடைத்தொகுதி ஒன்றின் அடியில், படி இறங்கிப் போக வேண்டும். தரையில் சிந்திய பானங்களில் செருப்பு ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு பெரிய தூண் இருப்பதால் மேடையிலிருந்து பார்த்தால் இடது பக்கத்து மேசைகள் பாதிதான் தெரியும். அந்த இடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. பேசுகிறவரைக் கூட்டத்துக்குப் பிடிக்கவில்லை என்று மேனேஜருக்குத் தோன்றினால் வந்து இறங்கச் சொல்ல மாட்டார். டிஜே இருக்கும் கண்ணாடி அறையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டுவார். அவ்வளவுதான். பேச்சுக்கு அடியில் பாட்டு மெல்லக் கேட்கும், காலில் அதிரும், கொஞ்சம் கொஞ்சமாக ஏறி ஆளை மூழ்கடித்துவிடும். வாய் அசையும், குரல் கேட்காது. இதற்குப் பேச்சாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'வெள்ளம்'. இரண்டாம் தடவையும் வெள்ளத்தில் இறங்கியவர் என்று பெயர் வாங்கிவிட்டால் பிறகு எந்த கிளப்பும் சீந்தாது.

முதல் தடவை அண்ணிக்கு நான்காவது நிமிடத்திலேயே வெள்ளம் வந்துவிட்டது. யாரோ ஊளையிட்டதற்கு, "கொஞ்சம் பேசாம இருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டார். அதைவிட ஒரு கூட்டத்தைக் குஷிப்படுத்தும் வார்த்தை கிடையாது. திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அந்தக் கும்பலைத் திட்டிக்கொண்டே வந்தேன். அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தபடி இருந்தார். திடீரென்று என் பக்கம் திரும்பி, அந்தப் புகார்ப் பிரிவுக் குரலில், "உங்கள் கோபம் எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருக்கவும்" என்றார். நான் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் எழுந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டார். தொழில் அன்றைக்குத்தான் கைக்கு வந்தது.

அதிலிருந்து வாய்களைச் சமாளிக்க அவருக்கு அந்தக் குரல்தான். ஒரு ஊரில் ஓர் ஆள் எழுந்து, "போய் வீட்ல சமைங்க" என்று கத்தினார். அண்ணி ஒரு மூச்சு விட்டார்.

"வணக்கம் சார். புகார்ப் பிரிவுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். நான் வீட்டுக்குப் போய் சமைக்கணும்ங்கிறது உங்க புகார். சரிதானா சார்?"

"ஆமா."

"இந்தப் புகார் ஏற்கெனவே பதிவாகியிருக்கு சார். என் மாமியார் பேர்ல. வரிசையில உங்களுக்கு முன்னாடி அவங்க இருக்காங்க. தயவுசெய்து காத்திருங்க."

பிறகு, ஹோல்டில் போட்டால் காதில் ஒலிக்குமே ஒரு டிங் டிடிங், அதை வாயாலேயே முனகத் தொடங்கினார். அந்த இசையைக் கேட்டுச் சாகாதவர்கள் யார் இருக்கிறார்கள். முன் மேசை சேர்ந்துகொண்டது, பின் மேசை சேர்ந்துகொண்டது, கடைசியில் அறை முழுக்க அந்த ஆளைப் பார்த்து டிங் டிடிங் என்று முனகியது. அவரும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். திட்டினால் வாய் பெரிதாகும். காக்க வைத்தால் தானாக மூடிக்கொள்ளும். அண்ணி சொல்லும் மாமியார் என் அம்மா. அம்மா சமையலைப் பற்றி ஒரு குறையும் சொன்னதில்லை. எங்கள் வீட்டில் சமைப்பது என் அண்ணன்தான்.

இப்படி மூன்று வருடம் போனது. பெயர் பரவியது. நிலவறை கிளப்பின் மேனேஜர் தானாகவே கூப்பிட்டார். "ஒரு சனிக்கிழமை வாங்க. நாப்பது நிமிஷம் பாட்டு வராம நின்னுட்டீங்கன்னா ஏழு ஊரும் உங்களுக்குத்தான், ஒரு வருஷத்துக்கு." அண்ணி மறுநாளே புகார்ப் பிரிவு வேலையை எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.  நின்று காட்டிவிட்டு வேலையை விடலாமே, விட்டுவிட்டா நின்று காட்டுவார்கள்? அண்ணனிடம் போய்ச் சொன்னேன், நீயாவது சொல்லு என்று. அவன் பேக்கரியில் அடுப்படி வேலை செய்கிறவன். மாவு ஒட்டிய கையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"கத்துறவங்களுக்குப் பதில் சொல்லித்தானே இத்தனை நாள் சம்பாதிச்சா? இப்ப மூஞ்சியப் பாத்துப் பதில் சொல்லப் போறா. அவ்ளோதானே. நீ ஏன் கிடந்து துடிக்கிற?"

புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மாதிரி இருந்தால் நாத்தனார் என்னதான் செய்வாள்.

அந்தச் சனிக்கிழமை மாலை நான் படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினேன். அண்ணி எப்போதும்போல இருந்தார். மேடையில் ஏறி நின்று பார்த்தார், மைக்கின் வயரைக் காலில் சிக்காமல் ஒதுக்கினார், கண்ணாடி அறையில் இருந்த டிஜேயிடம் போய் சாப்பிட்டாச்சா என்று விசாரித்தார். நான் சோடாவோடு ஒரு சுற்றுச் சுற்றினேன். பார் பக்கத்தில் ஓர் அலுவலகக் கும்பல், அதில் சிவப்புச் சட்டை ஒருவன் இப்போதே மேசையைத் தட்டிக்கொண்டிருந்தான். தூணுக்கு அந்தப் பக்கம் மூன்றாவது மேசையில் ஒரு டயர் கடைக்காரர், தன் கடை ஆட்களோடு வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். ஆட்கள் குடித்தார்கள், அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"சிவப்புச் சட்டை ஒண்ணுதான் வாய். மூணாவது மேசை சும்மா. அந்த ஆளு பெரிய மனுஷன், பேச மாட்டார்" என்று அண்ணியிடம் சொன்னேன். இத்தனை வருடத்தில் நான் தவறாகச் சொன்னது அந்த ஒரு முகத்தைத்தான்.

பாட்டு நின்றது. ஆடிக்கொண்டிருந்தவர்கள் "ஏய்" என்றார்கள். அண்ணி வெளிச்சத்துக்குள் வந்து நின்றார்.

"எனக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். அவருக்கு ராத்திரி ஷிப்ட், எனக்குப் பகல் ஷிப்ட். நாங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முழிச்சிருந்தது மொத்தமா ரெண்டு வருஷம் இருக்கும். அதனாலதான் இன்னும் சேர்ந்திருக்கோம்."

முதல் சிரிப்பு பெண்கள் உட்கார்ந்திருந்த மேசையிலிருந்து வந்தது. அடுத்து, "என் நாத்தனாரும் வந்திருக்கா, அதோ அந்த ஓரத்துல. சிரிக்க மாட்டா. சிரிச்சா எனக்கு நல்ல பேர் வந்துடும்" என்றார். அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. நான் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டேன். அதுவும் என் வேலைதான். பிறகு, வேலை செய்யாத போனிலிருந்தே கூப்பிட்டு, போன் வேலை செய்யவில்லை என்று அரை மணி நேரம் சண்டை போட்டவரின் கதை. கூட்டம் மடிந்து விழுந்தது. மேனேஜர் சுவரில் சாய்ந்துகொண்டார். அது நல்ல அறிகுறி.

பாதி தூரம் வந்திருப்பார். சிவப்புச் சட்டை எழுந்தான். "போதும், பாட்டு போடுங்க" என்றான். அண்ணி ஒரு மூச்சு விட்டார்.

"வணக்கம் சார். உங்கள் புகார் எங்களுக்கு மிகவும் முக்கியம். அனைத்து அதிகாரிகளும் மற்ற குடிகாரர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தயவுசெய்து இணைப்பிலேயே காத்திருக்கவும்."

டிங் டிடிங். அறை அப்படியே பிடித்துக்கொண்டது. சிவப்புச் சட்டை தானும் சேர்ந்து முனகிக்கொண்டே உட்கார்ந்தான். இனிமேல் கவலையில்லை என்று நான் மூச்சு விட்டேன்.

அப்போதுதான் தூணுக்குப் பின்னாலிருந்து சத்தம் வந்தது. "நிறுத்து. அந்தக் குரலை நிறுத்து."

அண்ணிக்கு அந்த முகம் தெரியவில்லை. இரண்டாவது வாய் என்று நினைத்துக்கொண்டார். மேடையில் நிற்கிற யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். அதே குரலில், "வணக்கம் சார். உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வரிசையில இருக்கார். காத்திருப்புக்கு நன்றி" என்று சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினார். கூட்டம் இன்னும் பலமாக டிங் டிடிங் என்றது. நான் கண்ணைக் காட்டினேன், கையை ஆட்டினேன், வெளிச்சத்தில் நிற்பவருக்கு எதுவும் தெரியாது. டயர் கடைக்காரர் எழுந்து நின்றார். மேசையில் ஓங்கி அடித்தார். கோப்பை ஒன்று உருண்டு கீழே விழுந்து உடைந்தது.

"காத்திருக்கச் சொல்றியா? எவ்ளோ நாள் காத்திருந்தேன் தெரியுமா? எங்க அண்ணன் செத்துட்டான், அவன் நம்பரை மூடணும்னு கூப்பிட்டேன். இதே குரல். கணக்கு அவர் பேர்ல இருக்கு சார், அவரே பேசினாத்தான் மூட முடியும்னு சொல்லுச்சு. செத்துட்டான்மான்னு சொன்னேன். புரியுது சார், அவருக்கு வசதியான நேரத்துல கூப்பிடச் சொல்லுங்கன்னு சொல்லுச்சு. ஒரு தடவையில்ல. எத்தனையோ தடவை, ஒவ்வொருத்தரும் அது எங்க பிரிவு இல்லைன்னு அடுத்தவங்களுக்கு மாத்திவிட்டாங்க."

முனகல் அங்கொன்றும் இங்கொன்றுமாக அறுந்து போனது. எங்கோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அப்புறம் சத்தமே இல்லை. கிளப்பில் சத்தமில்லாமல் இருப்பதுதான் எல்லாவற்றையும்விட ஆபத்து. மேனேஜர் சுவரை விட்டு நிமிர்ந்தார். கண்ணாடி அறையைப் பார்த்து இரண்டு விரலைக் காட்டினார். என் செருப்புக்கு அடியில் தரை அதிரத் தொடங்கியது. வெள்ளம் வந்துவிட்டது. எனக்கு அழுகை வந்தது. வேலையும் போய், ஏழு ஊரும் போய், இனி அண்ணி எந்த மேடையிலும் ஏற முடியாது.

அண்ணியிடம் அந்த ஆளை உட்கார வைக்க ஆயிரம் பதில் இருந்திருக்கும். ஒன்றைக்கூட அவர் எடுக்கவில்லை. திரும்பிப் பார்க்காமலே கண்ணாடி அறைப் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார்.

"தம்பி, கைய எடுங்க. ஒரு புகார் வந்திருக்கு, நான் கேக்கணும்."

அது புகார்ப் பிரிவுக் குரல் இல்லை. விளக்கை அணைக்கவா என்று கேட்கும் குரல். டிஜே மேனேஜரைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார், குமிழை இறக்கிவிட்டார்.

அண்ணி வயரை இழுத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். மேசைகளுக்கு நடுவே நடந்து, தூணைச் சுற்றிக்கொண்டு, மூன்றாவது மேசைக்கு வந்தார். கடை ஆள் ஒருவர் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். அண்ணி உட்காரவில்லை.

"நான்தான் சார் பேசினேன்" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அது அண்ணி இல்லை. பழுதான இணைப்புகள்தான் அண்ணியின் பிரிவு. எண்ணை மூடும் பிரிவு வேறு ஊரில், வேறு கட்டடத்தில் இருந்தது. ஒரே பயிற்சி எடுத்த முந்நூறு பெண்களுக்கும் அதே குரல்தான். இவர் ஒரு நாளும் யாருடைய எண்ணையும் மூடியதில்லை, மூட மறுத்ததுமில்லை.

"நான் சொன்னது தப்பு. மன்னிச்சிடுங்க. உங்களுக்கு என்னென்ன திட்டணுமோ திட்டுங்க, நான் கட் பண்ண மாட்டேன்" என்று மைக்கை அவரிடம் நீட்டினார்.

அவர் மைக்கை வாங்கிக்கொண்டார். வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்த கோபத்தை எங்கேயிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நின்றார். பெரிய உடம்பு, கையில் அந்தச் சின்ன மைக். பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

"எனக்குத் திட்ட வராதும்மா" என்றார் கடைசியில். "எங்க அண்ணன்தான் திட்டுவான். அழகாத் திட்டுவான்."

"எப்படித் திட்டுவார்?"

"உங்க ஆபீசுக்குத்தான் தினமும் கூப்பிடுவான். ஒரு தடவை, ஹோல்ட்ல போட்டா ஒரு பாட்டு வருதே, அதுல ரெண்டாவது அடியில சுருதி போகுதுன்னு புகார் பண்ணான். வாசிச்சவனை லைன்ல கூப்பிடுன்னான்."

பின் மேசையில் யாரோ சிரித்தார்கள். டயர் கடைக்காரர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். திட்டத்தான் எழுந்திருந்தார், சிரிப்பு வாங்குவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அண்ணி எதுவும் சேர்க்கவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னொரு தடவை உடனே எடுத்துட்டாங்க. அதுக்கும் திட்டினான். ஏம்மா இவ்ளோ சீக்கிரம் எடுத்தீங்க, நீங்க எடுக்குறதுக்குள்ள சாப்பிட்டு முடிச்சிடலாம்னு இருந்தேன், இப்ப வாயில சோறு, எப்படி உங்களைத் திட்டுறதுன்னான்."

அறை வெடித்தது. கடை ஆட்கள் மேசையில் கவிழ்ந்துவிட்டார்கள். அவர்களுக்கும் அந்த அண்ணனைத் தெரியும் போலிருக்கிறது, "பக்கத்து வீட்டு நாய் கதையைச் சொல்லுங்க முதலாளி" என்றார்கள். அதையும் சொன்னார். பக்கத்து வீட்டு நாய் தன் போன் மணியைப் போலவே குரைக்கிறது, இரண்டில் ஒன்றை மாற்றுங்கள் என்று கேட்ட கதை. ஒவ்வொரு கதை முடியும்போதும் அண்ணி "அப்புறம்?" என்றார். சிரிப்பை அவர் வாங்கிக்கொண்டார், அண்ணி பக்கத்தில் நின்றார். மேடையில் நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். தன் தட்டில் இருப்பதைக் கூடக் கொடுப்பார்கள், தன் சிரிப்பைக் கொடுக்க மாட்டார்கள். அன்றைக்கு அண்ணி கொடுத்தார்.

சிவப்புச் சட்டை பார் பக்கத்திலிருந்து கேட்டான். "அண்ணே, கடைசியில நம்பரை மூடினாங்களா, இல்லையா?"

டயர் கடைக்காரர் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "இல்ல தம்பி. இன்னும் ஓடுது. நான்தான் கட்டுறேன். இப்ப மூட மனசு வரல. எப்பவாவது போட்டா, மணி போகுது."

சிவப்புச் சட்டை கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தான். இந்தத் தடவை மேனேஜர் விரலைக் காட்டவில்லை.

அவர் அண்ணியிடம் திரும்பினார். "வசதியான நேரத்துல கூப்பிடச் சொல்லுங்கன்னீங்களே. அவன் நிஜமாவே கூப்பிட்டா என்னம்மா பண்ணுவீங்க?"

"உடனே எடுப்பேன் சார்."

"உடனே எடுத்தாத் திட்டுவானே" என்றார் அவர். சொல்லிவிட்டுத் தானே முதலில் சிரித்தார். அறை அவருக்குப் பின்னால் சிரித்தது, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தது. அவர் மைக்கை அண்ணி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அண்ணி மேடைக்குத் திரும்பி மிச்ச நேரத்தைப் பேசி முடித்தார். என்ன பேசினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன்.

இறங்கியதும் மேனேஜர் வந்தார். முகம் சரியில்லை. "நாப்பது நிமிஷம் நீங்க பேசணும்னுதான் சொன்னேன். பாதி நேரம் அந்த ஆளுதான் பேசினார்."

"பாட்டு வந்துச்சா?" என்று கேட்டார் அண்ணி.

"வந்துச்சு. ஆரம்பிச்சுச்சு."

"அப்புறம்?"

மேனேஜர் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பாட்டுப் போட்டிருந்தார்கள், ஆனால் பாதிப் பேர் ஆடப் போகாமல் மூன்றாவது மேசையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். "அடுத்த சனிக்கிழமை ரெண்டாவது ஊர்" என்றார். நான் அவரைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தேன்.

காலையில் அண்ணன் பேக்கரியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டான், வெள்ளம் வந்ததா என்று. வந்தது, திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார் அண்ணி. அவன் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தான். எங்கள் வீட்டில் அது நடந்து நான் பார்த்ததில்லை.

அவன் தூங்கப் போனதும் நான் விடவில்லை. எனக்கு மனசே ஆறவில்லை.

"அண்ணி, அது நீங்க இல்லையே. நீங்க அந்தப் பிரிவே கிடையாதே. செய்யாத தப்பை எதுக்கு ஊர் முன்னாடி ஒத்துக்கிட்டீங்க? நாளைக்கு யாராவது கேட்டா?"

அண்ணி மேடையில் போட்ட சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். காலர் மடிப்பை விரலால் நீவிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"நான் இல்லைன்னா வேற யாரு பாப்பா? நீ சொல்ற இதையேதான் அவர்கிட்ட அத்தனை பேரும் சொன்னாங்க, அது எங்க பிரிவு இல்லைன்னு. நானும் அதையே சொல்லியிருந்தா, அவர் இன்னும் லைன்லயேதான் இருப்பார்."